நாற்பது ஆண்டுகளாக மாறாத சூப்பர்மார்க்கெட்: அந்தப் பழுப்புச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

பழுப்புக்கோடு
ஞாயிறு, இரவு 9.48

வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் புதிய சூப்பர்மார்க்கெட் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல வெளிச்சம், அகலமான நடைவழி, கேட்டது கிடைக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் வாரம் ஒரு முறை பஸ் ஏறிப் பழைய கடைக்குப் போய்விடுகிறேன். "அங்கே போய் அப்படி என்னதான் வாங்குகிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். பையைக் கவிழ்த்தால் இரண்டு சோப்பு, ஒரு தீப்பெட்டி, பாத்திரம் துலக்கும் நார். எல்லாம் இங்கேயே கிடைப்பவை. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அதனால்தான் இந்த இழை.

கடையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுவரின் மேற்பகுதியில் மூன்று கோடுகள் கடையைச் சுற்றி ஓடுகின்றன: அடர்பழுப்பு, ஆரஞ்சு, கடுகு மஞ்சள். மூலை வந்தால் சட்டென்று மடங்குவதில்லை. பெரிய வண்டி திரும்புவது போல வளைந்து திரும்புகின்றன. கோடுகளுக்கு மேலே பிரிவுகளின் பெயர்கள், வயிறு பருத்த எழுத்துகளில், ஒரு விரல் கனத்துக்கு வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. பால் பிரிவின் பெயரில் கடைசி எழுத்து எப்போதோ விழுந்துவிட்டது. ஆனால் அது மறைத்திருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்கவில்லை. அதனால் விழுந்த எழுத்தைத்தான் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. விழாதவற்றை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தரை, சதுரம் சதுரமாக ஒட்டிய வினைல். கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் இரண்டு இடங்களில் மேல்நிறம் தேய்ந்து அடியிலிருக்கும் கறுப்புப் பசை தெரிகிறது. பில் போடும் பெண் நிற்கும் பக்கத்திலும் அதே மாதிரி இரண்டு தேய்வுகள்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தைப் பார்த்தால்கூட எனக்கு இப்படி இருப்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் மட்டும் ஏன்?

அரும்பு
ஞாயிறு, இரவு 9.55

ஐயா, படம் போடுங்கள்!

பழுப்புக்கோடு
ஞாயிறு, இரவு 10.02

போன வாரம் கைபேசியை உயர்த்தினேன். காவலாளி பார்த்த பார்வையில் கைபேசியே தானாக அணைந்துவிட்டது.

வரைபலகை
ஞாயிறு, இரவு 11.20

கடைகளுக்கு உள்ளலங்காரம் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த மூன்று கோடுகளுக்கு ஒரு வம்சாவளியே உண்டு.

1960களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஸீ ராஞ்ச் என்ற கடற்கரைக் குடியிருப்பில் பார்பரா ஸ்டாஃபாகர் சாலமன் என்ற வடிவமைப்பாளர் சுவர்களில் மிகப் பெரிய கோடுகளும் வளைவுகளும் எழுத்துகளும் தீட்டினார். கட்டடத்துக்குச் செலவழிக்கப் பணம் போதாத இடத்தில் பெயின்ட்டை வைத்தே ஒரு பிரம்மாண்டத்தைக் காட்டிவிட்டார். அதைப் பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த பத்தாண்டுக்குள் பள்ளிக்கூடம், வங்கி, விமான நிலையம், சூப்பர்மார்க்கெட் என்று கோடு ஓடாத சுவரே இல்லை. உங்கள் கடையின் கோடு அந்தக் குடும்பத்தின் ஏழைப் பேரப்பிள்ளை.

நிறத்துக்கும் காரணம் உண்டு. ஆரம்பகால சூப்பர்மார்க்கெட்டுகள் வெள்ளை ஓடும் எவர்சில்வரும் எனாமலுமாக ஆஸ்பத்திரி போல இருந்தன. "இங்கே எல்லாம் சுத்தம்" என்று வாடிக்கையாளரை நம்ப வைக்க வேண்டிய காலம் அது. 1970களுக்கு வந்தபோது அந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது, வெள்ளை சலித்துவிட்டது. மண், மரம், தானியம் என்று நிறங்கள் சூடேறின. பருத்த எழுத்தும் அப்போது திரும்பி வந்ததுதான். கூப்பர் பிளாக் என்ற எழுத்துரு 1922இல் வார்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 1970களில் எங்கு பார்த்தாலும் அதுவாகவே இருந்தது. அதாவது நீங்கள் பழமை என்று ரசிப்பதே அந்த நாளில் ஒரு பழமை ரசனைதான்.

அந்த எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். மரம் போல இருந்தால் மரம் அல்ல. மரத்தின் வரிகளைத் தாளில் அச்சிட்டு, மெலமைன் பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தியது. நாம் சன்மைக்கா என்று சொல்கிறோமே, அதேதான்.

இவ்வளவு நாள் ஏன் மாற்றவில்லை? எங்கள் தொழிலில் ஓர் அலங்காரம் பத்து ஆண்டு தாக்குப்பிடித்தால் போதும் என்று கணக்கு வைத்துத்தான் வரைகிறோம். மளிகையில் நிகர லாபம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. நிர்வாகம் நல்ல வருமானம் வரும் கிளைக்கு முதலில் புதுச் சட்டை போடும். வருமானம் சுமாராக இருந்து, வாடகை ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும். அப்படி முப்பது "அடுத்த ஆண்டுகள்" சேர்ந்ததுதான் உங்கள் கடை.

கடைசியாக ஒன்று, இது ரசனை விஷயமல்ல. தரை ஓட்டின் ஒரு பக்கம் எத்தனை அங்குலம்? பன்னிரண்டா, ஒன்பதா? அளந்து சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரவுப்பணி
திங்கள், அதிகாலை 3.15

பதினோரு ஆண்டுகள் இப்படிப்பட்ட ஒரு கடையில் இரவில் சரக்குத் தட்டுகளை நிரப்பினேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது; கோபத்தில்தான்.

உங்களுக்கு அது வாரத்துக்கு அரை மணி நேரம். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். அந்த ஆரஞ்சுக் கோட்டின் மேல் படியும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்திருக்கிறீர்களா? குளிர்பெட்டிகளிலிருந்து கசியும் தண்ணீரில் அடித்தட்டு அட்டைகள் ஊறிப்போய் வீசும் நாற்றம் தெரியுமா? பொய்க்கூரைச் சதுரங்களில் தேநீர்க் கறை போல வட்ட வட்டமாக இருக்குமே, அது மழைநீர். மழைக்காலத்தில் எந்த வட்டத்துக்குக் கீழே எந்த வாளி என்று எங்களுக்கு மனப்பாடம்.

ஒரு முறை விளம்பரத் தோரணம் கழற்ற ஏணியில் ஏற்றினார்கள். கீழே பிடித்துக்கொள்ள ஆளில்லை, எல்லோரும் சரக்கு இறக்கப் போயிருந்தார்கள். ஏணியின் ஒரு காலுக்கு ரப்பர் கிடையாது. வாங்கித் தருகிறோம் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டு உடைந்தது. இன்றைக்கும் அமாவாசைக்கு அமாவாசை வலிக்கும்.

பழைய கடை அழகு என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அந்த அழகில் வேலை செய்வீர்களா?

பழுப்புக்கோடு
திங்கள், காலை 7.30

ஐயா, பதில் இல்லை. நாற்பது தடவையாவது அந்தப் பெண்ணின் காலடித் தேய்வைப் பார்த்திருப்பேன். "எவ்வளவு காலம்!" என்று வியந்திருக்கிறேனே தவிர, அது எத்தனை மணி நேரம் நின்றதால் வந்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவளுக்கு நாற்காலி இருக்கிறதா என்றுகூட எனக்கு நினைவில்லை.

சோக்கு
திங்கள், மதியம் 1.10

மின்பணி செய்பவன். சுவரையும் எழுத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள், வெளிச்சத்தை யாரும் தொடவில்லையே.

பழைய கடைக்குள் நுழைந்ததும் உடம்பு எதையோ அடையாளம் கண்டுகொள்கிறதே, அதில் பாதி காதுக்குச் சேர வேண்டியது. அந்தக் கடைகளில் ஒன்றரை அங்குலக் குழல்விளக்குகள் இருக்கும். எங்கள் பேச்சில் குண்டு டியூப். அதற்குச் செப்புக்கம்பி சுற்றிய சோக் உண்டு. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்றால் சோக்கின் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 தடவை அதிரும். சோக் பழசாகப் பழசாகத் தகடுகள் தளர்ந்து ரீங்காரம் கூடும். ஒரு கடையில் இருநூறு சோக் என்றால் இருநூறு வண்டுகள். நமக்குக் கேட்பதே இல்லை என்று நினைப்போம். மின்தடை வந்து அத்தனையும் ஒரே நேரத்தில் நிற்கும்போதுதான் இத்தனை நாள் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரியும்.

பிறகு ஓர் அங்குலக் குழலும் மின்னணு சோக்கும் வந்தன, ரீங்காரம் போயிற்று. இப்போது எல்இடி. 2023இல் ஜெனீவாவில், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் கூடி, பாதரசம் இருப்பதால், பொது வெளிச்சத்துக்கான குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. ஆகவே பெயின்ட் அடிக்க நிர்வாகத்துக்கு மனம் வராவிட்டாலும் விளக்கை மாற்றித்தான் தீர வேண்டும். எல்இடி வெளிச்சத்தில் அந்தக் கடுகு மஞ்சள் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைதான். இந்த மாதிரி இடங்களில் நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்ட முதல் நிமிடம் எல்லோரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். "இவ்வளவு அழுக்கா இருந்தது?" என்பார்கள்.

கேள்விக்குறி
திங்கள், மாலை 6.40

எல்லோரும் கண் கலங்குவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வில்தான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல் பிறந்தது. ஊர் ஏக்கத்தால் வாடுபவர்களுக்கு அவர் வைத்த நோயின் பெயர் அது. இந்த இழையைப் படித்தால் அவர் மருந்துச் சீட்டு எழுதிவிடுவார்.

நீங்கள் ஏங்கும் அந்த நிம்மதி தற்செயலானது என்றா நினைக்கிறீர்கள்? 1982இல் ரொனால்ட் மில்லிமன் என்ற சந்தையியல் ஆய்வாளர் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சோதனை செய்து பார்த்தார். மெதுவான இசை ஒலித்த நாள்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேக இசை நாள்களைவிட விற்பனை 38 சதவீதம் அதிகம். உங்களைத் தாலாட்டியது கல்லாப்பெட்டி.

இன்னொன்று. 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரை நாம் கேட்க, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அவர் கடைக்காரரை எடுத்துவிட்டார். சுழல்கதவு வழியாக நுழைந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து எல்லாத் தட்டுகளையும் கடந்து, கடைசியில் பணம் கட்ட வேண்டும். அதைப் பார்த்து "மனிதர்களே இல்லாத கடை" என்று ஒரு தலைமுறை மூக்கால் அழுதிருக்கும். அந்த அழுகைக்குக் காரணமான இடத்துக்காக நீங்கள் இப்போது அழுகிறீர்கள். அந்தக் கடையின் மாதிரியை மெம்ஃபிஸ் அருங்காட்சியகத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள், போய்க் கும்பிடுங்கள்.

அரும்பு
திங்கள், மாலை 7.25

கேள்விக்குறி அண்ணா, நோய் என்றால் எனக்கு எப்படித் தொற்றியது? எனக்குப் பத்தொன்பது வயது. அந்த மூன்று கோடுகள் வரையப்பட்டபோது என் அம்மாவே பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார்.

பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள்தான் முதுமையில் அதிகம் மேலே வரும் என்று உளவியல் பாடத்தில் படித்தோம். பழுப்புக்கோடு ஐயாவுக்கு அது பொருந்தலாம், எனக்குப் பொருந்தாது. ஆனாலும் என் வயதுக்காரர்கள் மூடிப்போன வணிக வளாகங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு இரவைக் கழிக்கிறோம். காலிக் கடைக்குள் எங்கோ தூரத்தில் ஒலிபெருக்கி பாடுவது போன்ற இசைக்கென்றே மால்சாஃப்ட் என்று ஒரு வகை இருக்கிறது.

எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் பார்க்கும் எல்லாமே ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. கைபேசியைத் திறந்தால் நேற்று இருந்த பொத்தான் இன்று இல்லை. புதுக் கடைகளோ ஒன்றைப் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் பார்த்த மாதிரி: சாம்பல் நிறம், கறுப்புக் கம்பி, கொஞ்சம் மரம். யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாதே என்று பயந்து செய்தது போல இருக்கிறது. அந்த ஆரஞ்சுக் கோட்டைப் போட்டவருக்கு அந்தப் பயம் இல்லை.

கேள்விக்குறி
திங்கள், மாலை 7.31

பயம் இல்லை, ரசனையும் இல்லை. ஆனால் தம்பி சொன்ன பொத்தான் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்.

அரும்பு
திங்கள், மாலை 7.33

தங்கை.

கேள்விக்குறி
திங்கள், மாலை 7.34

மன்னிக்க வேண்டும், தங்கை.

வரைபலகை
செவ்வாய், காலை 10.05

அரும்பு சொன்ன 'பயம்' என் தொழிலைச் சரியான இடத்தில் குத்துகிறது. சாம்பல் நிறம் வரைந்து கொடுப்பவர்களில் நானும் ஒருவன். வாடிக்கையாளர் நிறுவனத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருவருக்குப் பச்சை பிடிக்காது, இன்னொருவருக்குச் சிவப்பு ஆகாது. பத்துப் பேருக்கும் ஆட்சேபமில்லாத நிறம் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். சுவரில் வெளிர்நீலமும் ஊதாவுமாக 1990களின் முக்கோணங்கள், நெளிகோடுகள். பலகையைக் கழற்றினால் உள்ளே பழுப்பு, ஆரஞ்சு, இவருடைய கோடுகளேதான். அவற்றையும் சுரண்டினால் அடியில் எனாமல் பூசிய வெள்ளைத் தகடு, அதன் ஓரத்தில் ஒரு பச்சைக் கரை. மூன்று காலம் நாலு அங்குலத்துக்குள். எங்கள் தச்சர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே கேட்டார்: "சார், நம்முடையதையும் இப்படி ஒருவன் பிரித்துப் பார்ப்பான் அல்லவா?" பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது என்பதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் ஒட்டியது வெறும் அச்சடித்த படலம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உரிந்து வந்துவிடும்.

இரவுப்பணி ஐயாவுக்கு ஒரு தகவல். பழைய குளிர்பெட்டிகளில் எல்லாம் மோசமில்லை. மேலே திறந்த, தொட்டி போன்ற பெட்டி இருக்குமே, குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பிற்பாடு வந்த, கதவில்லாமல் நெடுக்காக நிற்கும் பெட்டிகள்தான் குளிரைக் கீழே கொட்டிக் கரண்டைத் தின்றன; வாடிக்கையாளர் கால் விறைத்ததும் அவற்றால்தான். இப்போது அவற்றுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு வருகிறோம்.

தரை அளவு இன்னும் வரவில்லையே?

தூரிகைமகள்
செவ்வாய், இரவு 8.50

வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத் தோன்றிவிட்டது.

என் அப்பா ஒரு சூப்பர்மார்க்கெட்டில் போர்டு எழுதுபவராக இருந்தார். ஆமாம், அப்படி ஒரு வேலை இருந்தது. சரக்கறைக்குப் பின்னால் ஒரு சாய்வு மேசை, நான்கு புட்டி வண்ணம், தட்டைத் தூரிகைகள். வாரத்துக்கு இரண்டு நாள், கண்ணாடி ஜன்னலில் ஒட்டும் தாள்களையும் தட்டுகளின் மேல் நிற்கும் அட்டைகளையும் அவர்தான் எழுதுவார். பென்சிலால் கோடு போட மாட்டார். தூரிகையைச் சிவப்பில் தோய்த்து, புட்டியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் இழுத்துத் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணை எழுதுவார். 8 எழுதும்போது இரண்டு வீச்சு, மேலே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வண்ணம் கொஞ்சம் தடித்து நிற்கும். கடையில் எந்த அட்டையைப் பார்த்தாலும் அந்தத் தடிப்பை விரலால் தடவிப் பார்ப்பேன். "வண்ணம் உதிர்ந்துவிடும்" என்று அதட்டுவார்.

பிறகு கணினி அச்சுப்பொறி வந்தது. அப்பாவைத் தட்டு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் காய்கறி வாங்கப் போனால் அச்சடித்த அட்டைகளின் முன்னால் நின்று எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்ப்பார். "மூச்சு விட இடமில்லை" என்பார்.

அந்தக் கடையின் உள்சுவரில் பழக்கூடையின் பெரிய புகைப்படம் ஒன்று இருந்தது. ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு, சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விட்டன. நான் கல்லூரி முடிக்கும்போது அத்தனை பழமும் நீலம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது நீலமாகாமல் இருந்த நாள் தெரியும். அதனால் அந்தப் படத்தின் முன்னால் நின்றால் ஏதோ நான் காவல் காக்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஏக்கம் நோயா, ரசனையா, எனக்குத் தெரியாது. அந்தக் கடையில் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் கையால் தொட்டது. அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும்.

சோக்கு
செவ்வாய், இரவு 9.12

அம்மா, அந்த 8 பற்றிப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரவுப்பணி
புதன், அதிகாலை 2.40

தூரிகைமகளுக்கு: எங்கள் கடையிலும் ஒருவர் இருந்தார். அவர் எழுதிய அட்டையை ஈரக்கையால் தொட்டுக் கலைத்ததற்காக முதல் வாரமே அவரிடம் திட்டு வாங்கியவன் நான். மறுபடி எழுதிக் கொடுத்தார், முனகிக்கொண்டே.

முந்தாநாள் கோபத்தில் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கும் அந்த இடத்தின் மேல் ஏதோ இருந்தது. லேபிள் ஒட்டும் துப்பாக்கியின் 'டிக் டிக்' சத்தம். ஒருவர் அடிக்கும் தாளத்தை வைத்தே பக்கத்து நடைவழியில் யார் என்று சொல்லிவிடுவோம். பார்கோடு வந்தபின் அதற்கு வேலை குறைந்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவில் டிராய் என்ற ஊரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தில்தான் முதல் பார்கோடு படிக்கப்பட்டது என்று எங்கள் மேலாளர் ஒவ்வொரு புதிய ஆளுக்கும் சொல்வார், தானே பக்கத்தில் நின்ற மாதிரி. எங்கள் கடைக்கு அது வந்து சேர எத்தனையோ ஆண்டுகள் ஆயின. எங்கள் கைகளுக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் கடை அமைதியாகிவிட்டது. பக்கத்து நடைவழியில் யார் என்று பிறகு எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

விருப்பம் இருக்கட்டும். அதற்காக ஒழுகும் கூரையை யாரும் விட்டுவைக்க வேண்டாம். கோட்டை வைத்துக்கொண்டே கூரையை மாற்றலாமே? யார் தடுத்தது?

வரைபலகை
புதன், காலை 9.30

யாரும் தடுக்கவில்லை ஐயா. ஆனால் கூரைக்குப் பணம் வரும்போது கோட்டுக்கும் சேர்த்து ஒருவர் சாம்பல் நிறம் எழுதி வந்துவிடுவார். அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

பழுப்புக்கோடு
சனி, மாலை 5.20

இன்று போய் வந்தேன். அளவுகோல் கொண்டுபோக மறந்துவிட்டேன். குனிந்து செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை செய்து கையை விரித்து வைத்தேன். சரியாக ஒரு சாண்.

வரைபலகை
சனி, மாலை 5.41

ஒரு சாண் என்றால் ஒன்பது அங்குலம். நான் பயந்தது இதுதான். 1980க்கு முன் ஒட்டிய ஒன்பது அங்குல ஓடுகளில் கல்நார், அதாவது நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பது மிகச் சாதாரணம். அடியிலிருக்கும் கறுப்புப் பசையிலும் இருக்கலாம். ஓடு முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நார் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும். உடைந்தாலோ, தேய்ந்து பொடியானாலோ, இயந்திரத்தால் உரசிச் சுத்தம் செய்தாலோதான் வம்பு. பார்த்துச் சொல்ல முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் சுரண்டிப் பார்க்காதீர்கள். மேலாளரிடம் சொல்லுங்கள்.

பழுப்புக்கோடு
சனி, இரவு 8.15

அதற்காகவே மறுபடி பஸ் ஏறினேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மேலாளர் இளைஞர், முப்பது இருக்கும். தரையைப் பற்றிச் சொன்னேன். முதலில், இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறான் என்பது போலப் பார்த்தார். பிறகு கல்லாப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தார். அந்தத் தேய்வுகளின் மேல் ரப்பர் விரிப்பு போடச் சொல்லிவிட்டு, இரவில் தரை உரசும் இயந்திரத்தை அங்கே ஓட்ட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தலைமை அலுவலகத்துக்கு இன்றே எழுதுவதாகச் சொன்னார். பில் போடும் பெண்ணுக்கு நாற்காலி இல்லை, பார்த்துவிட்டேன். அதையும் சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பேச்சு முடிந்து கிளம்பும்போது, தயக்கத்தோடு, பால் பிரிவில் விழுந்த எழுத்தைப் பற்றிக் கேட்டேன். மேசையின் கீழ் அறையை இழுத்தார். பழைய சாவிகள், மை வற்றிய முத்திரை, ரப்பர் வளையங்கள், அவற்றுக்கு அடியில் அந்த எழுத்து! அவர் வேலையில் சேரும்போதே அங்கே இருந்ததாம். கையில் வாங்கிப் பார்த்தேன். வரைபலகை சொன்னது சரி, மரமில்லை. விளிம்பில் தாளின் அடுக்குகள் தெரிகின்றன.

"ஒட்டிவிடவா சார்? உங்களுக்காக வேண்டுமானால் நாளைக்கே ஒட்டச் சொல்கிறேன்" என்றார். ஒட்டினால் அடியிலிருக்கும் வெளுக்காத எழுத்து மறைந்துவிடும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அரும்பு
சனி, இரவு 8.19

வேண்டாம் ஐயா! வெளுக்காத எழுத்துதான் அழகு.

தூரிகைமகள்
சனி, இரவு 8.30

ஒட்டச் சொல்லுங்கள். எழுத்து சுவரில் இருக்க வேண்டியது, அறைக்குள் அல்ல. ஒட்டும்போது பக்கத்து எழுத்தோடு இடைவெளியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி
சனி, இரவு 8.44

ஒட்டுங்கள். விளக்கை மாற்றும்போது எல்லாம் ஒரேயடியாகத் தெரியட்டும். (நாற்காலி விஷயத்தை மறுபடி கேளுங்கள். பதில் வராத கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால்தான் மதிப்பு.)

இரவுப்பணி
ஞாயிறு, அதிகாலை 3.05

ஒட்டுவதோ விடுவதோ உங்கள் இஷ்டம். ஒட்டுவதென்றால் முதலில் ஏணியின் நாலு கால்களுக்கும் ரப்பர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கீழே ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆளில்லை என்றால் நீங்களே பிடியுங்கள். எழுத்து கோணலாக இருக்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே கையை விட்டுவிடாதீர்கள்.